வீட்டுக் கணக்கெடுப்பு: சர்வே எண்ணா, ஜிபிஎஸ்ஸா, அடுப்பா?

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஊராட்சியில எங்க சங்கம் வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தப் போகுது. ஏழு குக்கிராமம், சுமார் 600 வீடு. பட்டா இல்லாதவங்க, குடிசையில இருக்கிறவங்க பட்டியலோட மனு கொடுக்கிறதுதான் நோக்கம். கோபோங்கிற கணக்கெடுப்புச் செயலியில படிவம் தயார்: ஜிபிஎஸ் புள்ளி, 2 போட்டோ, ரேஷன் கார்டு, ஆதார் எண். ஜிபிஎஸ் புள்ளியையே வீட்டுக்கு அடையாளமா வெச்சுக்கலாம், முடிஞ்சதும் பேர்ப் பட்டியலைக் கிராமசபையில படிக்கலாம்னு யோசனை. ஓட்டை இருந்தா சொல்லுங்க.

புலப்படம்:
முதல் ஓட்டையே அந்தப் புள்ளிதான். 3 சென்ட் மனைன்னா 1,307 சதுர அடி. சதுரமா இருந்தா ஒரு பக்கம் 36 அடி, அதாவது 11 மீட்டர். போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே 5 மீட்டர் தள்ளிக் காட்டும். தோப்புக்குள்ள, பாறையோரம், சந்துக்குள்ள 15, 20 மீட்டர்கூடப் போகும். புள்ளி பக்கத்து வீட்டுக் கூரையில விழும்.

தாலுகா ஆபீஸ்ல யாரும் அட்சரேகை கேக்கப் போறதில்ல. வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, இந்த மூணும்தான் கேப்பாங்க. அந்த எண் 'அ' பதிவேட்டுல (கிராம நிலப் பதிவேடு) நத்தமா (குடியிருப்பு நிலம்), புறம்போக்கா, தனியார் பட்டாவான்னு பாத்த பிறகுதான் மனு எந்த வழியில போகணும்னே தெரியும். ஏரி, ஓடைப் புறம்போக்குல குடியிருக்கிறவங்களுக்கு மாற்று இடம்தான் கேக்கணும். அவங்களையும் நத்தத்துக்காரங்களையும் ஒரே பட்டியல்ல கலந்தா மொத்தக் கட்டும் கிடப்புல போயிடும்.

இன்னொண்ணு, ஊராட்சியும் வருவாய் கிராமமும் ஒண்ணில்ல. ஒரே ஊராட்சிக்குள்ள ரெண்டு வருவாய் கிராமம் வரலாம், ரெண்டுலயும் சர்வே எண் 1-லேர்ந்து ஆரம்பிக்கும். கிராமப் பேர் எழுதாத சர்வே எண்ணால ஒரு பிரயோஜனமும் இல்ல.

லைன்வீடு:
நிலத்துலேர்ந்து ஆரம்பிச்சா, நிலம் இல்லாதவன் கணக்குலயே வரமாட்டான். இதத்தான் எல்லாரும் பண்றாங்க. அப்பா பேர்ல ஒரு மனை, உள்ள கல்யாணமான ரெண்டு மகன், மூணு அடுப்பு. உங்க சர்வே எண்ணுக்கு அது ஒரே வரி. ஓசூர்ப் பக்கம் லைன் வீடுன்னா, வரிசையாக் கட்டி வாடகைக்கு விட்ட பத்து ரூமுக்கும் ஒரே பட்டாதாரர், குடியிருக்கிற பத்துக் குடும்பமும் காணாமப் போயிடும். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்துல குடும்பம்னா கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைங்க, அவ்வளவுதான். ஒரு அடுப்புன்னா ஒரு குடும்பம். அடுப்பை எண்ணுங்க.

புலப்படம்:
கணக்கெடுக்க வர்றாங்கன்னு தெரிஞ்சா திண்ணையில ஒரு அடுப்பு முளைக்கும் தோழர். ஊராட்சி ஒன்றிய ஆபீஸ்ல ரேஷன் கார்டை வெச்சு ஒப்பிடுவாங்க. பத்து வரி பொய்னு தெரிஞ்சா மிச்ச வரியையும் நம்பமாட்டாங்க. மாநில அரசோட வீட்டுத் திட்டமான கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபா. ஆனா மனை சொந்தமா இல்லாட்டி கோப்பே நகராது. அடுப்புக் கணக்கு மேடையில பேச உதவும், மனுவுக்கு உதவாது.

கணக்குப்பிள்ளை:
ரெண்டு பேரும் ஒரே தாளுக்காகச் சண்டை போடுறீங்க. மூணு தாள் போட்டா வேலை முடிஞ்சது: மனை, கட்டடம், குடும்பம். ஊரோட முதல் எழுத்து, மூணு இலக்கம்னு கட்டடத்துக்கு ஓர் எண் கொடுத்து, வீட்டுக்காரர் சம்மதத்தோட நிலைக்கதவுல மார்க்கர்ல எழுதணும் (சாக்பீஸ் ஒரு மழைக்குத் தாங்காது). குடும்ப வரியில கட்டட எண், கட்டட வரியில மனை எண். பட்டா மனுவுக்கு மனைத் தாளை எடுத்துத் தாசில்தாருக்கு, வீடு கேக்கிற மனுவுக்குக் குடும்பத் தாளை எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. ஜிபிஎஸ் திரும்ப வீட்டைக் கண்டுபிடிக்க மட்டும் இருக்கட்டும்.

எக்செல்தான் பெரிய எமன். 12/2-ன்னு சர்வே எண் அடிச்சா அது 12 பிப்ரவரி ஆயிடும். 12/2ஏ அப்படியே நிக்கும். அதனால பட்டியல்ல பாதி சரியா இருக்கும், மேலோட்டமாப் பாத்தா தப்பே தெரியாது. ஒட்டுறதுக்கு முன்னாடியே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்குங்க. இல்லாட்டி படிவத்துலயே சர்வே எண்ணுக்கு ஒரு கட்டம், உட்பிரிவுக்கு ஒரு கட்டம்னு பிரிச்சிடுங்க, அது இன்னும் நல்லது. வங்கிக் கணக்கு எண் 15 இலக்கத்துக்கு மேல போனா கடைசி இலக்கத்தை எக்செல் பூஜ்யம் ஆக்கிடும். கோபோவிலேர்ந்து இறக்கின சிஎஸ்வி கோப்பை நேரா ரெண்டு தட்டுத் தட்டித் திறந்தா தமிழ் எல்லாம் கிறுக்கலா வரும். 'டேட்டா' பகுதி வழியா யூடிஎஃப்-8-னு தேர்ந்தெடுத்து உள்ளே எடுக்கணும்.

போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லாதீங்க, இடக்குறிப்பு கழண்டு போயிடும். பூட்டின வீட்டை 'காலி வீடு'ன்னு போடாதீங்க. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன குடும்பமா இருக்கும். 'பூட்டு'ன்னு தனிக் குறியீடு கொடுத்து, பொங்கல், ஆடிப்பெருக்குக்கு ஊர் திரும்பும்போது இன்னொரு தடவை போகணும்.

மாந்தோப்பு:
கூரைக்கு ஓடு, ஷீட், குடிசை, தார்சுன்னு நாலு வெச்சிருக்கோம். போதுமா?

கணக்குப்பிள்ளை:
போதாது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புல கையால செஞ்ச ஓடு கச்சாக் (உறுதியில்லாத) கூரை, மிஷின் ஓடு பக்காக் (உறுதியான) கூரை. நாட்டு ஓட்டையும் மங்களூர் ஓட்டையும் ஒரே 'ஓடு'ல அடைச்சா, வீட்டுத் திட்டத்துக்குத் தகுதியானவரையும் இல்லாதவரையும் பிறகு பிரிக்கவே முடியாது. சிமெண்ட் ஷீட்டும் அங்க பக்காதான். சுவர்லயும் அப்படித்தான்: சாந்து வெச்ச கல்லு, வெக்காத கல்லு ரெண்டுக்கும் தனித்தனிக் குறியீடு. கிருஷ்ணகிரியில கல்லுக் கட்டடம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். கிழிஞ்ச ஷீட்டு மேல ஓலை போட்ட வீடும் வரும். படுக்கிற அறைக்கும் சமையல் கட்டுக்கும் கூரையைத் தனித்தனியாக் கேளுங்க, உள்ளேயிருந்து மேல பாத்து ஒரு போட்டோ.

லைன்வீடு:
மூணு தாளுக்கு எனக்குச் சம்மதம். ஆதார் எண் எதுக்கு? 600 பேரோட 12 இலக்கம் மூணு தன்னார்வலர் போன்ல திரிஞ்சா பொறுப்பு யாரு?

புலப்படம்:
வேற எதை வெச்சு ஆளை ஒப்பிடுவீங்க? முனியப்பா, முனியப்பன், மு. முனியப்பன் மூணும் ஒரே ஆளா இருக்கலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பேர் தமிழ்ல எழுதும்போது இன்னும் நாலு விதமாகும்.

கணக்குப்பிள்ளை:
ஆதாரோட கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஓர் இலக்கம் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் காட்டிக் கொடுக்கும். அந்த வசதியை வேண்டாம்னு சொல்ல மனசு வரல. ஆனாலும் தகப்பன் பேர், பிறந்த வருஷம், ரேஷன் கார்டு எண், ஆதாரோட கடைசி 4 இலக்கம், இது போதும். முழு எண்ணை மனுதாரரே மனுவுல எழுதட்டும்.

லைன்வீடு:
கிராமசபையில பேரைப் படிக்கிறதும் எனக்கு ஒப்பல. புறம்போக்குல இருக்கேன்னு நம்பிச் சொன்னவர் விவரத்தை ஊரே கேக்கணுமா?

புலப்படம்:
படிக்காட்டி விட்டுப்போனவங்க எப்படித் தெரியும்? கட்டட எண்ணும் குடும்பத் தலைவர் பேரும் மட்டும் படிங்க, நில வகை வேண்டாம். ஆகஸ்டு 15 கிராமசபையில படிச்சா அக்டோபர் 2 கிராமசபைக்குள்ள திருத்திடலாம்.

மாந்தோப்பு, அரசு மனை ஒதுக்கிக் கொடுத்த பழைய ஒப்படைப் பட்டாவை மறந்துடாதீங்க. இலவசப் பட்டா தாள் கையில இருக்கும், ஆனா கிராமக் கணக்குல ஏறியிருக்காது, இணையத்துல தேடினா அரசு நிலம்னே காட்டும். 'பட்டா உண்டு / இல்லை'ன்னு கேட்டா அவர் 'உண்டு'ன்னுதான் சொல்வார், நீங்களும் அவரை விட்டுடுவீங்க. 'தாள் இருக்கு, கணக்குல இல்ல'ன்னு மூணாவது பதிலைச் சேருங்க. தாளை ரெண்டு பக்கமும் படம் எடுங்க. உத்தரவு எண்ணும் தேதியும் பின்பக்கத்துல இருந்தா அதுவும் கிடைச்சிடும்.

லைன்வீடு:
பேர் படிக்கிறதுக்கு ஒவ்வொரு வீட்டுலயும் முன்கூட்டியே சம்மதம் கேட்டு, படிவத்துல ஒரு கட்டம் வெச்சாத்தான் ஒத்துக்குவேன்.