புதுப்பிப்பு: ஒரே குற்றம், மூன்று முடிவுகள்

ஒரே குற்றத்தில் சேர்ந்து ஈடுபட்டவர்களுக்குத் தண்டனை வேறுபடலாமா என்று முன்பு எழுதியிருந்தேன். அவரவர் பங்கு வேறென்றால் வேறுபடலாம் என்று முடித்திருந்தேன். அதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் பங்கு ஒன்றாகவே இருந்தால்? அதை நான் தொடவே இல்லை.

ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் நடந்த கொலைகளுக்காக ஜீத்தா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் மூவருக்கும் மரண தண்டனை. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். 1976இல் ஜீத்தாவின் மனு தள்ளுபடி. 1977இல் காஷ்மீராவுக்கு ஆயுள் தண்டனையாகக் குறைப்பு. 1978இல் ஹர்பன்ஸின் மனுவும் தள்ளுபடி. காஷ்மீராவுக்குத் தண்டனை குறைந்த விஷயம் அந்த நீதிபதிகளின் கவனத்துக்கே வரவில்லை!

1981 அக்டோபர் 6 அன்று ஜீத்தாவைத் தூக்கிலிட்டார்கள். அதே நாளில் சாக வேண்டிய ஹர்பன்ஸ், புதிதாக மனுப் போட்டதால் தப்பினார். மூவரின் பங்கும் ஒன்றே என்று 1982இல் ஏற்ற நீதிமன்றம், அவர் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. அப்புறம், தூக்கிலிடும் முன் உடன் குற்றவாளி யாருக்காவது தண்டனை குறைந்திருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது.

ஜீத்தாவுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.