சிம் பூட்டுப் போட்ட கைப்பேசிக்குத் தமிழில் என்ன சொல்வது?

சுங்கை சிப்புட் ஆசிரியை:
வணக்கம். பயனீட்டாளர் உரிமை பற்றித் தமிழில் ஒரு துண்டறிக்கை தயாரிக்கிறோம், வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கைப்பேசியைத் தோட்டத்து மக்கள் வாங்கிவிடுகிறார்கள், வீட்டில் வந்து நம் ஊர் சிம்மைப் போட்டால் எடுப்பதில்லை. முதலில் விற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம் மட்டுமே அதில் வேலை செய்யும். ‘பூட்டிய கைப்பேசி’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த அக்கா ஒருவர், "கடவுச்சொல் மறந்துபோச்சா?" என்கிறார். நல்ல சொல் தாருங்கள்.

தாப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, தளை இருக்கையில் பூட்டு எதற்கு? சீரோடு சீரைக் கட்டுவது தளை, கைதியின் காலில் கிடப்பதும் தளை. மொட்டு விரிவதைச் சங்கப் புலவர்கள் ‘தளையவிழ்தல்’ என்றார்கள். தளைக்கைப்பேசி, தளையவிழ்த்த கைப்பேசி: கட்டும் விடுதலையும் ஒரே வேரில் கிடைக்கின்றன. அப்புறம், ‘பயனீட்டாளர்’ என்பதை ‘நுகர்வோர்’ என்று மாற்றலாமே?

கோலகங்சார், கைப்பேசி பழுதுபார்ப்பவர்:
ஐயா, நம் பேச்சில் தளையும் தழையும் ஒன்றாகத்தான் விழும், ஆட்டுக்கு ஒடிக்கும் தழை என்றுதான் நினைப்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் ‘லாக் இருக்கா?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘சிம் பூட்டு’ போதும். ‘பயனீட்டாளர்’ அப்படியே இருக்கட்டும், மலேசியாவில் ஊன்றிப்போன சொல் அது.

ஈப்போ, சட்ட மாணவர்:
சாவி யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். திரைப்பூட்டின் சாவி என்னுடையது, இந்தப் பூட்டின் சாவி நிறுவனத்துடையது. வழக்கே அதில்தான். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை வைத்து, காசு கொடுத்து வாங்கியவரே பூட்டை எடுப்பதைத் தடுக்க முடிந்தது, காரணம் பூட்டு என்பது மென்பொருள், மென்பொருளுக்குப் பதிப்புரிமை உண்டு. இடையில் கொடுத்திருந்த விலக்கை, 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய கைப்பேசிகளுக்கு இல்லை என்றாக்கினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கேட்ட பிறகு, 2014இல் தனிச்சட்டம் போட்டு உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய கைப்பேசியை நிறுவனங்கள் விற்கவே கூடாது. ‘பிணைக்கைப்பேசி’ எப்படி?

தாப்பா:
பிணை என்றால் இங்கே ஜாமீன். ஜாமீனில் வந்த கைப்பேசி என்று ஆகிவிடும், வேண்டாம் தம்பி. ‘சிம்’மை ஏற்கவும் மனம் வரவில்லை. சிம்முக்கே இரகசிய எண் (PIN) போட்டுப் பூட்டலாமே, அதையும் ‘சிம் பூட்டு’ என்பார்களே?

சுங்கை சிப்புட் ஆசிரியை:
ஐயா சொல்லும் குழப்பம் உண்மைதான். ஆனாலும் மக்களுக்குப் புரிவது ‘சிம் பூட்டு’தான், நாளும் இல்லை. ‘சிம் பூட்டு: வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி விற்றவர் போட்டது’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். அதன் கீழே, பூட்டு இருப்பதை மறைத்து விற்றால் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறேன். மக்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

தாப்பா:
சரி அம்மா, போடுங்கள். ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை என்று பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘தளை’ வரட்டும்.