ஒரே விலை பேசி வேலை எடுத்தால் கையைக் கடிக்கிறது. எங்கே தப்பு?

கேள்வி:
வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன், கூட ஒரு உதவியாள். முன்பெல்லாம் மணிக்கணக்கில்தான் கூலி. வீட்டுக்காரர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது பிடிக்காமல், மூன்று மாதமாக இந்த வேலைக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை நிறைய வருகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

போன வாரம் ஒரு வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி டிரிப் ஆகிறது, மாற்றித் தாருங்கள் என்றார்கள். விலை சொல்லி மாற்றினேன். புதுசும் டிரிப் ஆனது. ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றி மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்தால், பால்கனி பிளக் பாயிண்டில் திருகு நியூட்ரல் வயரைக் கடித்து, இரும்புப் பெட்டி வழியாக எர்த்தோடு சேர்ந்திருந்தது. நாலு மணி நேரம் போனது. வாங்கியது அரை மணி நேரக் காசு. பொருள் விலையையும் கூலியையும் கூட்டி, அதன்மேல் 20 சதவீதம் லாபம் வைக்கிறேன். போதாதா?

பதில் 1:
தம்பி, நீங்கள் செய்தது இரண்டு வேலை. பழுதைக் கண்டுபிடிப்பது ஒன்று, சரிசெய்வது இன்னொன்று. வீட்டுக்காரர் சொல்லும் காரணத்துக்கு விலை சொல்லாதீர்கள். "பார்த்துச் சொல்ல இவ்வளவு, என்னவென்று தெரிந்ததும் சரிசெய்ய இவ்வளவு" என்று பிரித்துவிடுங்கள். பார்ப்பதற்கும் ஒரே விலைதான், ஆனால் நேர வரம்போடு. அதைத் தாண்டினால் நிறுத்தி, கேட்டுவிட்டுத் தொடருங்கள். நல்லா இருந்த ஆர்சிசிபியைக் கழற்றிப் போட்டது அவருக்கும் நஷ்டம்தானே? அதை நினைத்தாவது முதலில் மெக்கரை எடுங்கள்.

பதில் 2:
கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. எட்டு மணி நேரம் உழைத்தாலும் கடைக்குப் போவது, வண்டி ஓட்டுவது, விலை சொல்லப் போய் வருவது எல்லாம் கழித்தால் காசாகும் நேரம் ஐந்து மணிதான் தேறும். ஒரு நாள் செலவு 1,000 என்றால் எட்டால் வகுத்து மணிக்கு 125 வைத்திருப்பீர்கள். ஐந்தால் வகுத்தால் 200. அப்புறம் அந்த 20 சதவீதம்: 800 செலவுக்கு 20 சதவீதம் கூட்டினால் 960, அதில் லாபம் 160, அதாவது ஆறில் ஒரு பங்கு. வாங்கும் காசில் 20 சதவீதம் நிற்க வேண்டும் என்றால் 800-ஐ 0.8-ஆல் வகுத்து 1,000 சொல்ல வேண்டும்.

கேட்டவர்:
எட்டால்தான் வகுத்தேன் அண்ணா. இன்று ஒரு நாள் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன், நாலரை மணிதான் வந்தது. பழைய வீடுகளுக்கு என்ன செய்கிறீர்கள்? பாயிண்ட் கணக்கில், அதாவது ஒரு விளக்குக்கோ பிளக்குக்கோ இவ்வளவு என்று பேசினால், வயர் போகும் பைப் அடைத்துக்கொண்டு, வயரை இழுக்கிற ஸ்பிரிங்கே உள்ளே போக மாட்டேன் என்கிறது.

பதில் 1:
புது வீட்டுக்குத்தான் பாயிண்ட் கணக்கு ஒத்துவரும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பழைய வீட்டில் இரண்டு மூன்று சுவிட்ச் பெட்டியையாவது திறந்து பார்க்காமல் விலையே சொல்லாதீர்கள். வயரை லேசாக வளைக்கும்போதே மேல் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால், அந்தச் சர்க்யூட்டை முழுதாக மாற்றத்தான் விலை சொல்ல வேண்டும். பைப் அடைப்பு, சுவர் வெட்டுவது, பூசுவது இதில் சேராது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. நாளைக்கு ஒரு பழைய வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே விலை சொல்வேன் என்று அவர்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள்.