அடுத்தவர் வீட்டு நோட்டில் இருந்த தாத்தா

இந்தக் குழுவில் எல்லோரும் அவரவர் தாத்தாவைப் பற்றி, அவருடைய புகைப்படத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறீர்கள். என் தாத்தாவுக்குப் புகைப்படமே கிடையாது. பிறந்த தேதியும் கிடையாது. நிலப் பத்திரத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. மிஞ்சியிருப்பவை இரண்டு மொய் நோட்டுகள். அவற்றையும் அவர் எழுதவில்லை, அவருக்காக உள்ளூர் வாத்தியார் எழுதினார்.

ஊர் ஆலங்குடிப் பக்கம். தாத்தா அந்த ஊரை விட்டு எங்கும் குடிபெயரவில்லை. ஆனாலும் பிறந்தபோது புதுக்கோட்டை சமஸ்தானத்துக் குடி, 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணைந்த பிறகு திருச்சி ஜில்லாக்காரர், 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டக்காரர். இவை எதுவும் அவரைப் பாதித்ததாகத் தெரியவில்லை. சமஸ்தானத்து அம்மன் காசு போனதில் மட்டும் குறை. ஓரணாவுக்கு 20 காசு. அந்தப் பொடிக்காசில் வாங்கக்கூடிய பொருள் இருந்த காலத்தைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

வயதைக் கணக்குப் போட ஒரே வழி தாது வருஷம். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் அவருடைய அப்பா கைப்பிள்ளை. அறுபது வருஷம் சுற்றி மறுபடியும் தாது வந்த 1936இல் தாத்தாவுக்குக் கல்யாணம். பெண் வீட்டுக் கிழவர்கள், "இந்த வருஷம் வேண்டாம், தள்ளிப் போடுங்கள்" என்றார்களாம். பழைய பஞ்சத்தின் பயம் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படியோ கல்யாணம் நடந்தது; பிள்ளைகள் ஐந்து, தங்கியது மூன்று.

பிழைப்பு ஒரு கிணறும் இரண்டு மாடும். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் கமலை, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அழகு. மாடுகள் சரிவில் இறங்கும்போது தண்ணீர் மொள்ளும் சால் மேலே வர வேண்டும். இறைப்பவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் எழுந்து, மாடுகளைப் பின்னாலேயே நடத்தி மேட்டுக்கு ஏற்றுவார். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே ஏற்றமும் இறக்கமும். தாத்தாவின் வேட்டி எப்போதும் பின்பக்கம்தான் முதலில் கிழியும் என்று அப்பத்தா சிரிப்பார்.

இனி நோட்டு. முதலாவது என் பெரிய அத்தை கல்யாணம், துர்முகி வருஷம் தை மாதம், அதாவது 1957 ஜனவரி. 1–0–0, 0–8–0, 2–0–0 என்று ரூபாய், அணா, பை மூன்றும் கோடு போட்டுப் பிரித்திருக்கின்றன. இரண்டாவது அதே ஆண்டு ஆனியில் அப்பாவுக்குக் காதுகுத்து. இடையில் ஏப்ரல் 1ஆம் தேதி, ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்துவிட்டது. வாத்தியார் பாவம், பழக்கத்தில் 1–8–0 என்று எழுதி, அடித்து, பக்கத்தில் 1.50 என்று எழுதியிருக்கிறார். எட்டணாவுக்கு 50 பைசா, சிக்கல் இல்லை. ஓரணா மொய் வந்த இடத்தில் 6 என்று எழுதி, 7 என்று திருத்தி, மறுபடியும் 6 ஆக்கியிருக்கிறார். உண்மைக் கணக்கு ஆறேகால். மையின் அழுத்தத்தைப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சண்டை நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற கோடையில் பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். டிரங்குப் பெட்டியிலிருந்து அவர்கள் வீட்டு நோட்டை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார். தாத்தாவின் பெயர், ஊர், ரூ. 3, ஒரு பதக்கு நெல். பதக்கு என்றால் இரண்டு மரக்கால், 16 படி. எங்கள் நோட்டில் அந்த வீட்டார் செய்தது ஒரு ரூபாய்தான். தாத்தா ஏன் அவ்வளவு செய்தார் என்று கேட்டேன். "அந்த வருஷம் எங்கள் வீட்டில் விதைநெல் இல்லை, தம்பி. சும்மா கொடுத்தால் என் அப்பா வாங்கமாட்டார். மொய் என்றால் வாங்கித்தானே ஆக வேண்டும்?" என்றார்.

* * *

படித்தேன் அண்ணா. நான் சிவகங்கைப் பக்கம், நானும் மொய் நோட்டோடு வளர்ந்தவள்தான். ஒரு வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு: நோட்டு முழுக்க ஆண்கள். அப்பத்தா எங்கே? எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன செய்தோம், அவர்கள் என்ன திருப்பினார்கள் என்று நோட்டைத் திறக்காமலே சொல்வார். தாத்தா விசேஷத்துக்குக் கிளம்பும்போது தொகையை முடிவு செய்வது அவர்தான். பெயர் மட்டும் தாத்தாவுடையது. உங்கள் தாத்தாவின் அந்தப் பதக்கு நெல்லும் யார் யோசனையோ?

* * *

தங்கச்சி, நீங்கள் கேட்ட பிறகு இரண்டு நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் பார்த்தேன். 212 வரிகள். பெண்ணாக ஒரே ஒரு வரி, அதிலும் பெயர் இல்லை: "மேலத்தெரு கிழவி, அரிசி 1 படி." அந்தப் பதக்கு நெல் யார் யோசனை என்று பெரிய அத்தையிடம் போனில் கேட்டேன். அத்தைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. மூன்று முறை கத்தினேன். "குதிரிலிருந்து நெல்லை அளந்து போட்டது யார் என்று நினைக்கிறாய்? உன் தாத்தாவுக்கு மரக்கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது" என்றார்.