அரபி பேசும் பையனுக்கு ‘ஸ’ வரவில்லை, உதவி தேவை

ரியாத்தில் ஒரு கிளினிக்கில் பல் சீரமைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பேச்சுப் பயிற்சியாளர்களோ அரபி நன்றாகத் தெரிந்தவர்களோ இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

9 வயதுப் பையன். பல்லைக் கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் சேர்வதில்லை. நடுவில் 4 மி.மீ. சந்து. ‘ஸீன்’ எழுத்து வந்தாலே நாக்கு நுனி அதன் வழியாக எட்டிப் பார்க்கிறது. ‘ஸமீன்’ என்றால் குண்டு. அதையே நாக்கைப் பல்லிடையில் வைத்துச் சொன்னால் ‘விலைமதிப்புள்ளது’ என்று அர்த்தம் மாறிவிடும். (தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவோம், அதுதான் வம்பு!) ‘ஸாத்’ (அழுத்தமான ‘ஸ’) எழுத்தும் அப்படியே. ‘ஃபா’ மட்டும் சுத்தமாக வருகிறது.

குடும்பம் கெய்ரோக்காரர்கள். அவர்கள் பேச்சு வழக்கில் அந்தப் பல்லிடை ஒலியே கிடையாது. எழுத்து அரபியில் அந்த ஒலியோடு வரும் ‘மூன்று’ என்ற சொல்லையும் ‘த’ போட்டுத் ‘தலாத்தா’ என்பார்கள். அதனால் வீட்டில் குழப்பமில்லை. பள்ளியில்தான் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம்.

கம்பி போடும் முன்பே பேச்சுப் பயிற்சி தொடங்கலாமா, பல் சேர்ந்த பிறகா? நாக்குப் பழக்கம் மாறாவிட்டால் சந்து திரும்ப விழுமோ என்றும் பயமாக இருக்கிறது. அப்புறம், எகிப்திய வழக்குக்கு ஏற்ற படச் சொற்பட்டியல் யாரிடமாவது இருக்கிறதா?