எங்கள் ஆரம்பப் பாடசாலையும் நுழைவாயில் வளைவும்

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

பாடசாலைக்கு நுழைவாயில் வளைவு கட்ட நிதி சேர்க்கும் யோசனையைச் சென்ற மாத மடல்களில் வாசித்தேன். அண்மையில் ஊரில் நின்றபோது நான்கு நாட்கள் அங்கு போய்வந்தவன் என்பதால், முடிவெடுக்கும் முன் நான் கண்டதை எழுதுவது கடமையென நினைக்கிறேன்.

இவ்வருடம் தரம் ஒன்றில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். எங்கள் காலத்தில் வாங்குகள் போதாமல் பாதிப் பேர் பாயில் இருந்தோம். 1995 இல் போரால் யாழ்ப்பாணத்தில் நேர்ந்த இடப்பெயர்வோடு போன குடும்பங்களில் பல திரும்பவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஊரில் இருப்பவர்களின் பிள்ளைகளும் இங்கு வருவதில்லை. காலை ஆறரைக்குச் சந்தியில் நின்றால், வெள்ளை உடுப்புப் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிக்கொண்டு வான்கள் யாழ்ப்பாண நகருக்கு ஓடுவதைக் காணலாம். மாணவர் தொகையை வைத்தே ஆசிரியர் ஆளணி கணிக்கப்படுவதால், பிள்ளைகள் குறைய ஆசிரியர்களும் குறைகிறார்கள். ஆசிரியர்கள் குறைந்ததைக் காட்டி மேலும் சில பெற்றோர் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இன்று தரம் மூன்றும் நான்கும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம் படிக்கின்றன.

அந்த அறையில் தரம் நான்கு மாணவன் ஒருவனிடம் தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தட்டுத்தடங்கலின்றி ஒப்புவித்தான், விரல் இரண்டாம் வரியில் நிற்க, வாய் ஐந்தாம் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் படிப்பிக்காத பாடமொன்றைப் புரட்டிக் காட்டியதும் தலையைக் குனிந்துகொண்டான். ஆசிரியை அதை மறைக்கவில்லை. ஒரு பக்கத்துக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு மறுபக்கத்துக்குத் திரும்பும்போது, ஒவ்வொருவரையும் தனியே வாசிக்கவைக்க நேரம் எங்கே என்று கேட்டார்.

இதற்கிடையில் எல்லோருடைய பேச்சும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றியதாகவே இருக்கிறது. வசதியற்ற கிராமத்துப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிடவென, இலங்கையின் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலமாகிய 1940களில் தொடங்கிய ஏற்பாடு அது. இப்போதோ தரம் மூன்றிலேயே ரியூசனும் மாதிரி வினாத்தாளுமாகப் பிள்ளைகளின் பின்னேரங்கள் கழிகின்றன. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய இருவரின் படங்களுடன் வாசலில் பதாகை தொங்குகிறது (அதில் அதிபரின் படமே பெரிது என்பது வேறு கதை). தாண்டாதவர்களில் எத்தனை பேர் சரளமாக வாசிப்பார்கள் என்று நான் கேட்டபோது ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை.

நல்லவையும் உண்டு. தரம் ஒன்றில் புளியங்கொட்டைகளைக் குவியல் குவியலாகப் பிரித்து எண்ணிய பிள்ளைகள், மணி அடித்த பின்னும் எழும்ப மறுத்தார்கள். தாய்மார் முறைவைத்துச் சமைக்கும் சோறும் பருப்பும் கீரையும் கிடைப்பதால்தான் சிலர் நாள் தவறாமல் வருகிறார்கள் என்றும் அறிந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் சங்கக் கிளையொன்று அமைத்துக் கொடுத்த திறன்வகுப்பறையையும் (ஸ்மார்ட் வகுப்பறை) பார்த்தேன். பலகை படுக்கை விரிப்பால் மூடப்பட்டிருந்தது. எறிகருவி (புரொஜெக்டர்) பழுதான பின் திருத்த ஆளில்லை. ஆசிரியை வெண்கட்டியோடு கரும்பலகையில்தான் எழுதுகிறார். திறப்பு விழாப் படங்கள் நன்றாக வந்திருந்தன என்பது என் நினைவில் இருக்கிறது. அந்தப் படத்தில் நானும் நிற்கிறேன்.

ஆகவே, வளைவுக்குச் செலவிடும் பணத்தில், வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியுடன், அந்த அறைக்குத் தொண்டர் ஆசிரியர் ஒருவரை இரண்டு வருடங்களுக்கு அமர்த்தவும், பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய சிறுவர் கதைநூல்களை வாங்கவும் முன்மொழிகிறேன். கொடுப்பனவு மாதாமாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்குப் போகட்டும். தவணைக்கு ஒருமுறை எத்தனை பிள்ளைகள் புதிய பக்கமொன்றைத் தாமாக வாசிக்கிறார்கள் என்ற விபரம் மட்டும் எங்களுக்கு வரட்டும். வளைவுக்கென ஏற்கெனவே பணம் அனுப்பியவர்கள் இந்த மாற்றத்துக்குச் சம்மதமா இல்லையா என்பதை, அடுத்த கூட்டத்துக்கு முன் பொருளாளருக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.