புதுப்பிப்பு: அடையாற்றங்கரை மனை மாற்றத்துக்கு ஆட்சேபணை

கரையோர விவசாய மண்டல நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக்கும் விண்ணப்பத்தை எதிர்ப்பது பற்றி முன்பு எழுதியதற்கு, விடுபட்ட சில சேர்க்கைகள்.

ஆட்சேபணை மனுவில் "அது புறம்போக்கு" என்று மட்டும் எழுதாதீர்கள். பட்டா இருந்தால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். கேள்வி உரிமை பற்றியது அல்ல, பயன்பாடு பற்றியது. சர்வே எண், உட்பிரிவு, புல வரைபட நகல், 2015 டிசம்பரில் வெள்ளம் நின்ற உயரம் (சுவரில் கறை இருந்தால் தரையிலிருந்து டேப் வைத்து அளந்த படம்) இவைதான் எடுபடும். போக்குவரத்து நெரிசல் எல்லாம் கடைசிப் பத்தியில் போதும்.

நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் அதிலுள்ள நிபந்தனைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபணைக் காலம் அதற்குள் முடிந்துவிடலாம். ஆகவே காத்திருக்காமல் மனுவைக் கொடுத்து, "ஆவணம் கிடைத்ததும் கூடுதல் ஆட்சேபணை தருவோம்" என்று ஒரு வரி சேருங்கள். மனு கொடுக்கும் அலுவலகத்தின் தபால் பிரிவில், உங்கள் நகலில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

ஒரே வாசகத்தில் நூறு கையெழுத்தைவிட, பத்து வீட்டார் தனித்தனியே எழுதுவது நல்லது.

கழிமுகத்தை ஒட்டிய மனை என்றால் கரையோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல (CRZ) விதியின் வரைபடத்தையும் பாருங்கள். கடும் கோடையில் ஆற்று நீரில் உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கும் இடம் வரை அந்த விதி ஆற்றுக்குள்ளும் செல்லும்.